கரகரப்பு தட்டில் உள்ளதா, இசையில் உள்ளதா? ‘எண்ட்ரொடியூசிங்’ மறுபதிப்பு குறித்து ஓர் ஐயம்

அடையாறு33 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஹிப் ஹாப் இசைத் தயாரிப்பாளர் டிஜே ஷேடோ 1996-இல் வெளியிட்ட ‘எண்ட்ரொடியூசிங்’ ஆல்பம், கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த சிடி வழியாக எனக்கு அறிமுகமானது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைக் கொண்டே, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் இசையை ஏறத்தாழ முழுவதுமாக ஒரே ஆள் கட்டியெழுப்பியிருக்கிறார் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறையாவது விளக்கை அணைத்துவிட்டு முழு ஆல்பத்தையும் ஒரே அமர்வில் கேட்பது வழக்கமாகிவிட்டது. எனவே சென்ற ஆண்டு ரெக்கார்டு பிளேயர் வாங்கியபோது, முதலில் சேர்க்க வேண்டிய தட்டு எது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன், அங்குள்ள கடையொன்றில் இரண்டு எல்பி கொண்ட மறுபதிப்பை வாங்கி வந்து தந்தார். உறை பிரிக்கப்படாத புதுத்தட்டு. ஆவலோடு ஊசியை வைத்தேன். முதல் பக்கத்தில் அந்தச் சிறிய முன்னோட்டத் துண்டு முடிந்து, ‘பில்டிங் ஸ்டீம் வித் எ கிரெயின் ஆஃப் சால்ட்’ தொடங்கி, பியானோ தனியாக ஒலிக்கும்போதே, அதற்குப் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு மெல்லிய கரகரப்பு கேட்டது. மனம் சோர்ந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தின் தொடக்கத்தில் இதற்கு முற்றிலும் வேறான ஓர் ஒலி வருகிறது. சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஏறத்தாழ ஒரு நிமிடம் தொடர்ந்து, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது.

அத்தை மகன் இன்னும் பத்து நாளில் திரும்பிச் செல்கிறார். தட்டில் குறை இருந்தால் அவர் கையிலேயே கொடுத்தனுப்பி மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அவரை வீணாக அலைய வைக்க விருப்பமில்லை. இது அச்சின் குறையா, என் ஊசியின் குறையா, அல்லது பாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒலியா என்று எப்படிப் பிரித்தறிவது? இந்த ஆல்பத்தின் மற்ற பதிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க எண்ணுகிறேன். முதல் அச்சைத் தேடிப் பிடிப்பதுதான் சரி, டிஜிட்டல் கோப்பைக் கொண்டு பள்ளம் வெட்டி அச்சிட்ட மறுபதிப்புகளால் பயனில்லை என்று ஒருவர் சொன்னார். அதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஊசிமுனை எழுதியது:

தம்பி, தட்டைப் பெட்டியில் கட்டுவதற்கு முன் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐயத்தின் பெரும்பகுதியை அது தீர்த்துவிடும்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்கச் சரியாக 1.8 நொடி எடுத்துக்கொள்கிறது. தட்டின் ஓரிடத்தில் கீறலோ, ஒட்டிக்கொண்ட துகளோ, அச்சில் ஏற்பட்ட குமிழோ இருந்தால், ஊசி அந்த இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கடக்கும். ஆகவே அந்த ஒலியும் 1.8 நொடிக்கு ஒரு முறைதான் வரும். பேசியதையே பேசுகிறவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த ரெக்கார்டின் தாளம் இதுதான். மாறாக, ஷேடோ எடுத்தாண்ட பழைய தட்டிலேயே இருந்த கரகரப்பு, அவர் அமைத்த லூப்பின், அதாவது மீண்டும் மீண்டும் ஓடவிட்ட துண்டின், நீளத்துக்கு ஏற்பத் திரும்பத் திரும்ப வரும். நிமிடத்துக்கு 90 தாள அடி என்ற வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு லூப் ஏறத்தாழ 2.67 நொடி நீளும். இரண்டு கால அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் இசை நிமிடத்துக்கு 133 அடிக்கும் சற்று மேலான வேகத்தில் ஓட வேண்டும். அமைதியான இந்தப் பகுதிகள் அந்த வேகத்துக்கு அருகில்கூட வருவதில்லை. எனவே பியானோவின் ஒரே சுரத்தில், ஒரே இடத்தில் அந்தப் பொரியல் ஒலி மீண்டும் மீண்டும் வருகிறதென்றால், அது உங்கள் தட்டில் பிறந்த ஒலி இல்லை. மூன்றாம் பக்கத்து ‘டிக்’ 18 நொடியில் பத்து முறை வருகிறதென்றால், அது உங்கள் தட்டுக்கே உரியது.

இரண்டாவதாக, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் இடப்பக்க ஒலியையும் மறு சுவர் வலப்பக்க ஒலியையும் தாங்குகிறது. தூசியும் கீறலும் இரண்டு சுவர்களையும் சம அளவில் தாக்குவது அரிது என்பதால், அவற்றின் சத்தம் பெரும்பாலும் ஏதோ ஒரு காதில்தான் ஓங்கி ஒலிக்கும். இந்த ஆல்பத்துக்குப் பயன்பட்ட அகாய் எம்பிசி 60 சாம்பிளரோ (ஒலித் துண்டுகளைப் பதிந்து வைத்து மீண்டும் இசைக்கும் கருவி), இட-வலப் பிரிவில்லாத மோனோவில் மட்டுமே பதிவு செய்யும். அதன் வழியாக வந்த கரகரப்பு, அந்தத் துண்டை வேண்டுமென்றே ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாலன்றி, நெற்றிக்கு நேராக நடுவில் கேட்கும்.

மூன்றாவது சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கைபேசியில் அதே பாட்டை ஒலிக்கவிட்டு, அதே பியானோ இடத்தைக் கேளுங்கள். அங்கும் அதே கரகரப்பு கேட்டால், அது 1996-இலிருந்தே அங்கே இருக்கிறது என்று பொருள்.

ஆல்பத்தின் நடுவே ‘டிரான்ஸ்மிஷன்’ என்ற பெயரில் வரும் குறுந்துண்டுகளில் ஒரு குரல், எங்கோ தொலைவிலிருந்து பழுதான வானொலியில் பேசுவது போல இரைச்சலோடு வரும். அது திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அதைக் கேட்டுத் தட்டைக் குறை சொல்லிவிட வேண்டாம். முன்பு என்னிடம் இந்த ஆல்பத்தை இரவல் வாங்கிச் சென்ற ஒருவர், அந்த இடத்தில் ஊசி பழுதடைந்துவிட்டது என்று நினைத்துப் புது ஊசியே வாங்கிவிட்டார்.

‘டிக்’ ஒலிக்கு ஒரு வழி சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தின் வெளி விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதுத்தட்டுகளைத் தடித்த காகித உறையில் போட்டு அனுப்பும்போது, காகிதத் துகள் பள்ளத்தில் பதிந்துகொள்வது மிகச் சாதாரணம். காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. நடு லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் நிற்கவில்லையென்றால், மாற்றித் தருமாறு கேட்பதில் தவறில்லை.

கிழிவது போன்ற ஒரு ‘சர்ர்ர்’ ஒலி, ஒரே காதில், சுற்றுக்குச் சுற்று வந்தால் மட்டும் துடைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அச்சின்போது சூடான பிவிசி பள்ளத்தின் அடிவரை சென்று நிரம்பாததால் வரும் குறை அது. எந்தத் திரவத்தாலும் தீராது. வேறோர் இசைக்குழுவின் தட்டில் எனக்கு அப்படி நேர்ந்தது. மாற்றித் தந்த தட்டும் அதே ஸ்டாம்பரில் (தட்டை அச்சடிக்கும் உலோக அச்சு) அடித்தது போலிருக்கிறது, அதிலும் அதே இடத்தில் அதே ஒலி.


கிடங்குவாசி எழுதியது:

ஊசிமுனை ஐயா சொன்ன சோதனைகளுக்கு அடியில் இருக்கும் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நான் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். இந்த ஆல்பம் இந்த நிலத்தில் விளைந்தது என்பதால் அதன் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

ஷேடோவின் இயற்பெயர் ஜோஷ் டேவிஸ். இங்கிருந்து சேக்ரமெண்டோ செல்லும் வழியில் இருக்கும் டேவிஸ் என்ற பல்கலைக்கழக நகரத்தில் வளர்ந்தவர். அந்தப் பல்கலைக்கழக வானொலியைச் சுற்றித் திரண்ட நண்பர்கள் சேர்ந்து சோல்சைட்ஸ் என்ற சிறு இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அவருடைய தனி இசைக்கு முதலில் பெரிய மேடை கொடுத்தது இலண்டனில் ஜேம்ஸ் லாவெல் நடத்திய மோ வாக்ஸ் என்ற இசை நிறுவனம். 1993-இல் அங்கிருந்து வந்த ‘இன்/ஃப்ளக்ஸ்’ என்ற தட்டைப் பற்றி எழுதும்போதுதான் ‘டிரிப் ஹாப்’ என்ற இசைவகைப் பெயரை ஆங்கில இசை இதழ் ஒன்று 1994-இல் அச்சேற்றியது. ‘எண்ட்ரொடியூசிங்’ 1996 செப்டம்பரில் பிரிட்டனிலும், நவம்பரில் அமெரிக்காவிலும் வெளிவந்தது.

உறைப் படத்தைக் கவனித்திருப்பீர்கள். தட்டுகள் நிறைந்த அடுக்குகளுக்கு இடையே இருவர் நின்று புரட்டிக்கொண்டிருப்பார்கள். சேக்ரமெண்டோவில் இருந்த ரேர் ரெக்கார்ட்ஸ் என்ற கடையில், பி பிளஸ் என்ற பெயரில் அறியப்படும் புகைப்படக் கலைஞர் பிரையன் கிராஸ் எடுத்த படம் அது. நிற்பவர்கள் சோல்சைட்ஸ் நண்பர்களான சீஃப் எக்ஸெலும் லிரிக்ஸ் பார்னும். அந்தக் கடைக்குக் கீழே ஒரு கிடங்கு இருந்தது. விலைபோகாத தட்டுகள் தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலாக அடுக்கப்பட்டுக் கிடந்த அந்த இடத்தில், பூச்சியும் புழுதியும் நடுவே உட்கார்ந்துதான் ஷேடோ தம் மூலப்பொருளின் ஒரு பகுதியைத் தேடி எடுத்தார். 2001-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவர் அந்தக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசும் காட்சி இருக்கிறது. யாரும் தொடாமல் ஈரத்தில் கிடந்த தட்டு கரகரக்காமல் என்ன செய்யும்? உங்கள் பியானோவுக்குப் பின்னால் கேட்பது அந்தப் பழந்தட்டுகளின் வயது. அந்தப் பியானோ ஜெரெமி ஸ்டார்ச் என்ற பாடகரின் பழைய பதிவொன்றிலிருந்து வந்தது. ‘மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்’ பாட்டில் டேவிட் ஆக்ஸல்ராடின் 1969-ஆம் ஆண்டுப் பதிவும், பின்லாந்தின் பேஸ் கிட்டார் கலைஞர் பெக்கா போயோலாவின் துண்டும், மெரெடித் மாங்க்கின் குரலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நாடுவிட்டு நாடு, காலம்விட்டுக் காலம் வந்த இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தன் தட்டின் இரைச்சலையும் உடன் கொண்டு வந்திருக்கிறது.

சாம்பிளரைப் பற்றியும் ஒரு சொல். ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் சந்தைக்கு வந்த எம்பிசி 60, 12 பிட் தரத்தில், நொடிக்கு 40,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலியைச் சேமித்தது. அடிப்படை நினைவகத்தில் ஏறத்தாழ 13 நொடி ஒலிதான் அடங்கும். விரிவாக்கினால் 26 நொடி. அந்தக் காலத்து சாம்பிளர்காரர்கள் பலர் இடத்தை மிச்சப்படுத்த, 33 வேகத் தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இறக்கும்போது கரகரப்பின் சுருதியும் சேர்ந்து இறங்கும். கூர்மை மழுங்கி, சற்றுக் கனத்த ஒலியாக மாறும். உங்கள் தட்டில் நேற்று விழுந்த தூசியோ பளிச்சென்று, கண்ணாடித் துண்டு உடைவது போல ஒலிக்கும். சில வாரம் கவனித்துக் கேட்டால், எது அவருடைய தூசி, எது உங்களுடைய தூசி என்று காது தானாகவே பிரித்துவிடும்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். ஹிப் ஹாப் பீட் தயாரிப்பாளர்களிடையே எழுதப்படாத விதி ஒன்று அன்று வலுவாக இருந்தது: சாம்பிளை மூலத்தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், மறுபதிப்பிலிருந்தோ தொகுப்புத் தட்டிலிருந்தோ எடுக்கக் கூடாது. தேடலின் உழைப்பைச் சுருக்கிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று கருதினார்கள். அந்த மரபில் பிறந்த ஆல்பத்தின் மறுபதிப்புகளை நாம் இன்று சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் சாம்பிள் எடுப்பவருக்கான அந்த விதி, கேட்பவரைக் கட்டுப்படுத்தாது என்பதே என் கருத்து. மறுபதிப்பு வராமல் போயிருந்தால் உங்களைப் போன்ற ஒருவர் இதை ஊசியின் கீழ் கேட்டிருக்கவே முடியாது.


அடையாறு33 எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்தேன்.

முதலில் பியானோ. கைபேசியில், ஹெட்போனில் கேட்டபோது அதே பொரியல் ஒலி, அதே இடத்தில், நடுவில் கேட்டது. இத்தனை ஆண்டு கேட்டும் இதை நான் கவனித்ததே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பேருந்திலும் தெருவிலும் கேட்டபோது வெளிச்சத்தம் அதை மூடியிருக்க வேண்டும். சிடியில் கேட்டபோது, சிடி கரகரக்காது என்ற நம்பிக்கையே அதை மறைத்திருக்க வேண்டும். வினைலில் கேட்டதும் குற்றம் தேடும் காதோடு உட்கார்ந்ததால் அதுதான் முதலில் கேட்டது.

அடுத்து மூன்றாம் பக்கம். அத்தை மகன் கடிகாரத்தைப் பிடிக்க, நான் எண்ணினேன். 18 நொடியில் பத்து ‘டிக்’, ஐயா சொன்ன கணக்கு அப்படியே. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது வெளி விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் பள்ளங்களுக்குக் குறுக்கே வெண்மையான ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அரை செ.மீ. நீளம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய கோடு முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகளில் ஒலிக்கிறது என்றால், பள்ளங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு முறை துடைத்த பிறகு நான்கு ‘டிக்’ மட்டும், அதுவும் மெல்லியதாக, மிஞ்சியிருக்கிறது. தட்டைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

இனி அடுத்த வாங்கல். முதல் அச்சா, மறுபதிப்பா? மறுபதிப்பென்றால் எது?


முதலச்சு எழுதியது:

இந்தக் கேள்விக்கு என் பதில் மற்றவர்களுடையதிலிருந்து மாறுபடலாம். 1996-ஆம் ஆண்டு மோ வாக்ஸ் அச்சு என்னிடம் இருக்கிறது. முடிந்தால் அதையே தேடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு ஒலித்தரம் முதற்காரணம் இல்லை. அந்த நிறுவனம் உறைக்கும் எழுத்துருவுக்கும் காட்டிய அக்கறை அந்தக் காலத்தின் தனி அடையாளம். அந்த அட்டையைக் கையில் பிடிக்கும்போது கிடைக்கும் நிறைவை, பின்னாளில் மீண்டும் அச்சிட்ட அட்டை எனக்குத் தரவில்லை. ஆல்பத்தின் பெயருக்குப் பின்னால் வரும் ஐந்து புள்ளிகளைக்கூட எண்ணிப் பார்த்து மகிழ்கிறவன் நான்.

ஆனால் எச்சரிக்கையோடு வாங்குங்கள். அட்டவணை எண்ணும் லேபிளும் மட்டும் பொருந்தினால் போதாது. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியில் கையாலோ முத்திரையாலோ பொறித்திருக்கும் எழுத்துகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்புக்குப் பதிவாகியிருக்கும் எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். தட்டை வெட்டிய பொறியாளரின் அடையாளமும் அச்சுக்கூடத்தின் குறியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உறையை மட்டும் படமெடுத்துக் காட்டுகிற விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

மறுபதிப்புகளில் 2005-இல் வந்த சிறப்புப் பதிப்பு, கூடுதலாக ஒரு வட்டில் முன்வரைவுகளையும் மாற்று வடிவங்களையும் தந்தது. 2016-இல் இருபதாம் ஆண்டையொட்டிப் பிறர் செய்த மறுகலவைகளோடு (ரீமிக்ஸ்) பெரிய தொகுப்பு வந்தது. மறுகலவைகளில் ஆர்வமில்லாதவருக்கு அது தேவையில்லை. 2021-இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்காக இலண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அரைவேக முறையில் வெட்டிய இரட்டைத் தட்டு வந்தது. எனக்கு உடன்பாடில்லாதது இந்தக் கடைசிப் பதிப்பின் நோக்கம்தான். அரைவேக வெட்டு உச்ச ஒலிகளைத் தெளிவாக்கும் முறை. வேண்டுமென்றே மங்கலாகவும் புகைபடிந்தும் அமைந்த ஓர் இசைக்கு அந்தத் தெளிவு எதற்கு? பழைய தட்டுகளின் கரகரப்பும் சேர்ந்தல்லவா துலங்கி முன்னால் வந்து நிற்கிறது? என் முதல் அச்சில் அது இசைக்குள் கரைந்து கிடக்கிறது.


ஊசிமுனை எழுதியது:

முதலச்சு அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் கடைசிக் கருத்தில் மாறுபடுகிறேன்.

அரைவேக வெட்டு என்றால் என்ன என்பதை அடையாறு33-க்காகச் சொல்லிவிடுகிறேன். வெட்டும் எந்திரத்தில் தட்டு 33⅓-க்குப் பதில் 16⅔ வேகத்தில் சுழலும். மூல ஒலியும் பாதி வேகத்தில் ஓடும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி வெட்டுமுனைக்கு 5 கிலோஹெர்ட்ஸாக வந்து சேர்கிறது. எனவே அது பதற்றமில்லாமல், சூடேறாமல், நுணுக்கமாகச் செதுக்குகிறது. 16 நிமிடப் பக்கத்தை வெட்ட 32 நிமிடம் பிடிக்கும். இதற்கு விலையும் உண்டு: தாழ் ஒலிகளும் பாதியாக இறங்குவதால், 40 ஹெர்ட்ஸ் பேஸ் 20 ஹெர்ட்ஸாகிவிடும், அதைச் சரியாகக் கையாளக் கைதேர்ந்த பொறியாளர் வேண்டும்.

எம்பிசி 60 நொடிக்கு 40,000 மாதிரிகள் எடுக்கும் கருவி என்பதால், அதன் வழியாக வந்த எந்தத் துண்டிலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. ஆகவே அரைவேக வெட்டு, இல்லாத உச்ச ஒலியை எங்கிருந்தோ வரவழைப்பதில்லை. இருக்கும் உச்ச ஒலி, குறிப்பாக டிரம்ஸில் ஒலிக்கும் ஹைஹாட் என்ற இரட்டைத் தாளத்தின் ஒலி, பக்கத்தின் கடைசிப் பகுதியில் கலங்கிப்போகாமல் காக்க உதவுகிறது, அவ்வளவுதான். ஊசி வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. பள்ளத்தைக் கடக்கிறது, லேபிளருகே வரும்போது 21 செ.மீ. அளவே கடக்கிறது. அதே ஒலியை எழுத இருக்கும் இடம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. நல்லவேளையாக, இந்த ஆல்பம் நான்கு பக்கங்களில் பரவியிருப்பதால் பக்கத்துக்குப் பதினாறு நிமிடம் என்ற அளவில் நிற்கிறது. லேபிளை ஒட்டி நெருக்கி வெட்ட வேண்டிய தேவை குறைவு.

கரகரப்பு துலங்கினால் துலங்கட்டும். கிடங்கில் கிடந்த தட்டை ஷேடோ கழுவித் துடைத்து இரைச்சலை நீக்கியிருக்கலாம், அப்படியே விட்டிருக்கிறார். அந்தக் கரகரப்பை அவர் இசையின் ஓர் இழையாக ஏற்றுக்கொண்டார் என்றே நான் கொள்கிறேன்.

டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டிய மறுபதிப்பு பயனற்றது என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த ஆல்பத்தின் ஒலி, வினைலிலிருந்து 12 பிட் சாம்பிளருக்குள் நுழைந்தபோதே எண்களாகிவிட்டது. அங்கிருந்து அது சென்ற பல்தடப் பதிவும் வீடியோ கேசட்டில் எண்களாக எழுதும் அலெசிஸ் அடாட் கருவியில் நடந்தது. நாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய, எங்கும் எண்ணாக மாறாத பதிப்பு என்று ஒன்று இந்த ஆல்பத்துக்கு இருக்கவே முடியாது. 1996-ஆம் ஆண்டு அச்சும் இதற்கு விலக்கில்லை. ஜாஸ் தட்டுகளுக்குப் பொருந்தும் அளவுகோலை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. சில மறுபதிப்புத் தட்டுகளின் 180 கிராம் எடைக்கும் ஒலித்தரத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எடை கூடினால் தட்டு சற்று உறுதியாக நிற்கும், பள்ளத்தின் ஆழம் மாறிவிடாது.

எனவே ஒலிக்காக வாங்குவதென்றால் 2021 பதிப்பு. பொருளின் மீதான அன்புக்காக வாங்குவதென்றால் முதல் அச்சு. இரண்டும் நியாயமான காரணங்களே.

அடையாற்றில் வைத்துக் காப்பது குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் முதலில் அட்டையைத்தான் தின்னும். தட்டைக் காகித உறையிலிருந்து எடுத்துப் பாலிதீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள்; பிவிசியால் ஆன வெளியுறை நாளடைவில் தட்டின் மேல் படலமாகப் படிந்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். செங்குத்தாக, சாயாமல், இறுக்கமில்லாமல் நிறுத்துங்கள். 60 டிகிரி வெப்பத்தை நெருங்கினால் தட்டு வளையத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும். அத்தை மகனை விமான நிலையத்தில் விட்டுவரும் வழியில் கடைக்குப் போய் ஏதேனும் தட்டு வாங்கினால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.


கிடங்குவாசி எழுதியது:

முதலச்சு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் 1996 அச்சிலும் அந்தப் பியானோப் பகுதியை ஹெட்போனில் ஒரு முறை கேட்டுச் சொல்ல முடியுமா? கரைந்து கிடக்கிறது என்றீர்கள். அது வெட்டின் இயல்பா, பல ஆண்டு ஊசி ஓடி உச்ச ஒலி தேய்ந்ததா என்று அறிய ஆவல். நான் பெர்க்லியில் ஒரு பழைய கடையில் வாங்கிய முதல் அச்சு முந்தைய உரிமையாளரால் நிறையக் கேட்கப்பட்டது. அதில் ஹைஹாட்டே மங்கியிருக்கிறது.


முதலச்சு எழுதியது:

கேட்டேன். கரகரப்பு இருக்கிறது; நான் எண்ணியதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. வழக்கமாக ஸ்பீக்கரில், அறையின் மறுகோடியில் அமர்ந்து கேட்பதால் அது என் காதுக்கு எட்டவில்லை என்று தோன்றுகிறது. 2021 பதிப்பை நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய கருவியில்தான் கேட்டிருந்தேன். ஒரே கருவியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டதில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். உறையைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.


அடையாறு33 எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். 2021 பதிப்பைத் தேடி வாங்கித் தருவதாக அத்தை மகன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த விடுமுறைக்குத்தான் வருவார், காத்திருக்கலாம். முதல் அச்சைப் பிறகு நிதானமாகத் தேடுகிறேன். முதலச்சு ஐயா, விற்பனையாளர் யாரேனும் படம் அனுப்பினால், அந்தப் பொறிப்பு எழுத்துகளைச் சரிபார்க்க உங்களிடம் வருவேன். பாலிதீன் உள்ளுறைகள் ஐம்பது வாங்கிவிட்டேன். இருப்பது பதினொரு தட்டுதான்.